தம்பிக்குப் பன்னிரண்டு நாள், அக்காவுக்கு நாலு வருடம்

என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவர். 2021 நவம்பரில் ஒரு நாள், விரித்து வைத்த நோட்டில் இடது கைப் பக்கம் இருந்த வரவை அப்படியே விட்டுவிட்டு, வலது கைப் பக்கத்துப் பற்றை மட்டும் கூட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "என்ன கணக்குப்பிள்ளை, நேத்து ஒரு பண்டல்கூடப் போகலையா?" என்று முதலாளி சிரித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே தப்பு. வீட்டில் தட்டின் இடது பாதியில் வைத்த சட்னியைத் தொடாமல், "சட்னி வைக்கலையா?" என்று என்னைக் கேட்டார். தட்டைத் திருப்பி வைத்தேன், சாப்பிட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். வெளியே கிளம்பும்போதெல்லாம் இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாம் நாள் முதலாளியே காரை அனுப்பி, திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வரச் சொன்னார்.

அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர் அவருடைய அக்கா, எனக்கு மதினி. அவர் தலைக்குள்ளும் அப்போது ஒரு கட்டி இருந்தது, தம்பியுடையதைவிடப் பெரியது. அது 2024 பிப்ரவரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் 2020 பொங்கலிலேயே தொடங்கியிருக்கின்றன.

"மூளைக்கட்டி ஆம்பளைக்கு ஒரு மாதிரியும் பொம்பளைக்கு வேற மாதிரியும் வருமா?" என்று இரண்டு பேரையும் பார்த்த உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். வரும். எப்படி என்று நான் பார்த்ததையும் டாக்டர்களிடம் கேட்டதையும் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். அதனால் கொஞ்சம் பாடம் நடத்துவது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக்காரர் கதை. கட்டி இருந்தது வலது பக்க மூளையில், உச்சிக்குச் சற்றுப் பின்னால். அந்த இடம் கெட்டால் கண் நன்றாகத் தெரிந்தாலும் உலகத்தின் இடது பக்கத்தை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாது. வரவு விட்டுப்போனதும் சட்னி விட்டுப்போனதும் ஒரே காரணத்தால்தான். சென்னையில் ஆபரேஷன் நடந்து, பயாப்ஸி முடிவு வந்தபோது பெயர் தெரிந்தது: கிளையோபிளாஸ்டோமா. பெரியவர்களின் மூளையிலேயே உருவாகும் புற்றுநோய்களில் அதிகம் வருவதும் அதுதான், மிக மூர்க்கமானதும் அதுதான். அவருக்கு வயது 52.

பெயர் தெரிந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் விசாரணைக் கமிஷன் தொடங்கிவிட்டது. பீடி குடித்ததாலா? வருஷம் பூராவும் தீப்பெட்டி மருந்து வாசனையில் உட்கார்ந்திருந்ததாலா? செல்போனை வலது காதில் வைத்துப் பேசியதாலா? டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்தக் கட்டிக்கு உறுதியாக நிரூபிக்கப்பட்ட வெளிக்காரணம் தலைக்குப் பலமான கதிர்வீச்சு பட்டிருப்பது மட்டுமே என்றார். அதோடு சில அபூர்வமான பரம்பரைக் கோளாறுகளும் காரணமாகலாம். மற்றதெல்லாம் நாமாக நம் தலையில் போட்டுக்கொள்கிற பழி. செல்போனைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களும், மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை என்றுதான் 2024-ல் எழுதினார்கள். அது வருவதற்குள் அவர் போய்விட்டார். முன்னாலேயே வந்திருந்தால், ஒரு வருஷமாகச் செல்போனைத் தொடவே பயந்திருக்க மாட்டார்.

"ஆனா ஒண்ணு, இவர் ஆம்பளையா இருக்கறதும் ஒரு காரணம்தான்" என்றார் டாக்டர். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்குப்படி கிளையோபிளாஸ்டோமா பத்துப் பெண்களுக்கு வந்தால் பதினாறு ஆண்களுக்கு வருகிறது. ஹார்மோன்தான் காரணம் என்று நானும் உடனே நினைத்தேன். அது மட்டும் போதாது. வயதுக்கு வருவதற்கு முன்னால், சிறு பிள்ளைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளிலும் ஆண் பிள்ளைகளே அதிகம். செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா ரூபின் என்ற மருத்துவரின் குழு, ஆண் எலி, பெண் எலி இரண்டின் மூளைச் செல்களிலும் ஒரே மரபணுக் கோளாறை உண்டாக்கி வளர்த்துப் பார்த்தது. ஆண் எலியின் செல்கள்தான் சுலபமாகக் கட்டியாக மாறின. செல் கண்டபடி பெருகாமல் கடிவாளம் போடும் ஆர்.பி. என்கிற புரதம் ஆண் செல்களில் எளிதாக முடங்கிப்போகிறது என்று 2014-ல் எழுதினார்கள். அதே குழுவினர் வேறு சிலரோடு சேர்ந்து 2019-ல் மனிதர்களின் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்துக் கட்டி வளரும் வேகத்தை அளந்தார்கள். வழக்கமான சிகிச்சை கொடுக்கும்போது பெண்களுக்கு அந்த வேகம் நன்றாகக் குறைந்தது. ஆண்களுக்கு அந்த அளவு குறையவில்லை.

இதைக் கேட்டதும், அப்படியென்றால் ஆணுக்கென்று தனி மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இன்றைக்கும் மருந்துச்சீட்டு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். 2005-ல் ரோஜர் ஸ்டுப் என்பவர் தலைமையில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வில் வந்த முறை. ஆபரேஷன், அப்புறம் திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம், 30 தடவை ரேடியேஷன், அதோடு தினமும் டெமோசோலோமைடு மாத்திரை. எங்கள் பக்கம் ரேடியேஷனைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். என் மாமியார் கடைசி வரை ஷாக் அடிக்கும் என்றே நம்பினார். ஷாக்கும் அடிக்காது, வலியும் இருக்காது. முகத்தோடு ஒட்டுகிற வலை முகமூடியை மாட்டி அசையாமல் படுக்க வைப்பதுதான் சிலருக்கு மூச்சுமுட்டும். அந்த ஆய்வில் ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 12.1 மாதம் கடந்து இருந்தார்கள். மாத்திரையும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 14.6 மாதம் கடந்தார்கள். இரண்டரை மாதம்தானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தாறாகக் கூடியிருந்தார்கள். அந்த இருபத்தாறில் இவர் ஒருவராக இருக்கலாமே என்றுதான் எல்லாரும் போகிறோம்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில விஷயங்கள். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் மாத்திரை ஆளையே மாற்றும். இவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தோசை கேட்பார், நாலு சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்பார். சர்க்கரை முன்னூறைத் தொட்டது. தொடைத் தசை கரைந்து, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாற்காலி கமோடு வாங்கி வைத்திருப்பேன், ஒரு தடவை விழுந்திருக்க மாட்டார். அந்த மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிரசிட்டம் சிலருக்குக் கடுகடுப்பைக் கொண்டுவரும். என் மேல் தண்ணீர்ச் செம்பை எறிந்த அன்றைக்கு, இருபத்தைந்து வருட தாம்பத்தியத்தில் இதுதான் இவருடைய உண்மையான முகமோ என்று உட்கார்ந்து அழுதேன். மாத்திரையாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள் என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். மாற்றிக் கொடுத்தார்கள், தணிந்தது. டெமோசோலோமைடை வெறும் வயிற்றில், படுக்கப்போகும் நேரத்தில் கொடுத்தால் தாங்குகிறது. வாந்தி மாத்திரையை அதற்கு அரை மணி முன்னால் கொடுத்துவிட வேண்டும். கேப்சூலைத் திறந்து கரைக்கக் கூடாது.

இன்னொன்று, பணம். அவர் கையெழுத்து தாளின் வலது ஓரத்தில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வங்கியில் ஏற்கவில்லை. ஏ.டி.எம். எண்கூட எனக்குத் தெரியாது. நோய் தெரிந்த முதல் மாதத்திலேயே, பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே, கணக்கை இருவர் பெயருக்கு மாற்றுங்கள், எதற்கெல்லாம் யார் வாரிசுதாரர் என்று பாருங்கள். அதைச் செய்தால் அவர் சாவை எதிர்பார்ப்பது போல ஆகுமே என்று தள்ளிப்போட்டேன். ஐந்து மாதம் அலைந்தேன்.

ஆறு வாரம் ரேடியேஷன் ஹாலில் உட்கார்ந்திருந்தால் ஒரு ஊரே பழக்கமாகிவிடும். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வெளி நோயாளியாக வந்துகொண்டிருந்தார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, புற்றுநோய் கிடையாது. இரண்டு ஓரத்திலும் பார்வை மங்கி, ஓவர்டேக் செய்யும் வண்டி தெரியாமல் உரசிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டி அது. பெண்ணுக்கு வந்தால் மாதவிடாய் நின்றுபோகும், பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசியும். அதனால் கட்டி சின்னதாக இருக்கும்போதே டாக்டரிடம் வந்துவிடுவார்கள். ஆணுக்கு வந்தால் தாம்பத்திய ஆசை குறையும். அதை எந்த ஆண் போய் யாரிடம் சொல்வான்? மூன்று வருடமாகத் தெரியும், வேலை அலுப்பு என்று நினைத்தேன் என்றார். கண் நரம்பை அமுக்குகிற அளவுக்கு வளர்ந்தது அந்தக் கூச்சத்தினால்தான். அந்த மாதிரிக் கட்டியைப் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருக்கிவிடுகிறார்கள் என்பது இன்னும் வயிற்றெரிச்சல்.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், 34 வயது. என் வீட்டுக்காரருக்கு வந்த அதே நோய், அதே மாத்திரை. ரேடியேஷன் முடிந்த பிறகு மாத்திரையை மட்டும் கொடுத்த ஆறு சுற்றிலும் இவருக்கு ரத்த அணுக்கள் இறங்கவே இல்லை. அவளுக்கு முதல் சுற்றிலேயே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கி, காலில் சிவப்புப் புள்ளிகள் வந்து, சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். டெமோசோலோமைடில் ரத்த அணுக்கள் மோசமாக இறங்குவது பெண்களுக்குத்தான் அதிகம் என்று 2009-லேயே எழுதியிருக்கிறார்கள். பெண் நோயாளியாக இருந்தால் ரத்தப் பரிசோதனைத் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். ஈறில் ரத்தம், தோலில் புள்ளி, நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சல், எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் புருஷன் வந்தான். மூன்றாவது வாரத்திலிருந்து அம்மாவும் வந்தார். பிறகு அம்மா மட்டும். அந்த ஹாலில் நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நோயாளி ஆணாக இருந்தால் பக்கத்தில் பெரும்பாலும் மனைவி. நோயாளி பெண்ணாக இருந்தால் அம்மா, அக்கா, மகள், எங்கோ சில கணவர்கள். நம் ஊர்ப் புத்தி என்று நினைத்தேன். அமெரிக்காவிலும் இதே கதைதான். மூளைப் புற்றுநோய்க்காரர்களையும் சேர்த்து 515 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது. நோயாளி ஆணாக இருந்த குடும்பங்களில் பிரிந்தது 2.9 சதவீதம். நோயாளி பெண்ணாக இருந்த குடும்பங்களில் 20.8 சதவீதம். விவாகரத்து என்ற பேச்சே எடுக்காமல் சும்மா வராமல் போகிறவர்களை நம் ஊரில் யார் கணக்கெடுப்பது? அதனால் பெண்ணுக்கு இந்த நோய் என்றால், துணைக்கு யார் யார் எந்த வாரம் வருவது என்று பிறந்த வீட்டார் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. மாப்பிள்ளை வந்தால் சந்தோஷம்.

2022 டிசம்பரில் என் வீட்டுக்காரருக்குத் திரும்ப வந்தது. 2023 ஏப்ரலில் போய்விட்டார். பதினேழு மாதம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

மதினி தம்பி சாவுக்கு அழவில்லை.

அவர்களுக்குள் எட்டு வயது வித்தியாசம். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஆனால் அன்றைக்கு உடலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், யார் என்ன கேட்டாலும் "ம்" என்றார், மத்தியானம் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். கூடப்பிறந்தவன் சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா என்று தெருவே பேசியது. நானும்தான். பத்து மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது திரும்பிப் போகிறேன். 2020 பொங்கலன்று மதினி வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துத் தெரு முழுக்க வாசனை. அவர் பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கிண்டல் செய்தோம். 2021 மே மாதம் அவருக்கு கொரோனா வந்தது. எல்லாருக்கும் போல வாசனை போனது, திரும்பவில்லை. கொரோனாவின் மிச்சம் என்றார்கள். அதற்கு முன்பே வாசனை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. 2022-ல் தலைவலி, எதிலும் நாட்டமில்லை, கோலம் போடுவதை விட்டார். மாதவிடாய் நின்ற காலத்து மனச்சோர்வு என்று ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு சிறுநீர் தெரியாமல் போக ஆரம்பித்தது. கர்ப்பப்பை இறக்கமாக இருக்கும் என்று வேறொரு டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அதற்கு டாக்டர் தேவையில்லை, அண்ணனே, அதாவது மதினியின் கணவரே, திட்டினார்.

தம்பி கணக்கு நோட்டில் தப்பு செய்ததற்கு யாரிடமும் தயாராக ஒரு காரணம் இல்லை. அதனால் ஸ்கேனுக்குப் போனார். அக்கா செய்த ஒவ்வொரு தப்புக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. வயசு, கர்ப்பப்பை, மாதவிடாய், கொரோனா, பொடுபோக்கு. பிளஸ் டூ பிள்ளைகளிடம் வருஷா வருஷம், "முதலாவது கபால நரம்பு எது?" என்று கேட்டு, "நுகர்ச்சி நரம்பு, டீச்சர்" என்று பதில் வாங்குகிற எனக்கே அது உறைக்கவில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், கோபத்தை விட்டுவிட்டு மதினியைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே கேஸ் நாற்றம். அடுப்பு அணைந்து, திருகு திறந்தபடி இருந்தது. அவர் அதற்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். திருகை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, "மதினி, ஒண்ணும் தெரியலையா?" என்றேன். "என்ன ளா?" என்றார்.

மறுநாள் திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் காப்பித்தூள் டப்பாவை எடுத்து, மதினியைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துவாரமாகக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு காலமாக என்று கேட்டார். நான் பொங்கல் கதையைச் சொன்னதும் எம்.ஆர்.ஐ. எழுதிவிட்டார்.

கட்டி நெற்றிக்குப் பின்னால், மூக்கின் கூரை மேல், நுகர்ச்சி நரம்பு படுத்திருக்கும் பள்ளத்தில் இருந்தது. ஆறு சென்டிமீட்டர். மெனிஞ்சியோமா. மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து வளர்வது, மூளைக்குள் இருந்து அல்ல. மூளைப் பகுதியில் தோன்றும் கட்டிகளிலேயே அதிகம் வருவது இதுதான். பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, வருடக்கணக்கில் மெதுவாக வளரும். இது அப்படியே தலைகீழ்க் கணக்கு: ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. வளர்ந்து நெற்றிப் பக்க மூளையை இரண்டு புறமும் அமுக்கினால் நாட்டம் போகும், சிறுநீர்க் கட்டுப்பாடு போகும், அழுகைகூட வராது. டாக்டர் படத்தில் விரலை வைத்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனபோது, எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது.

அக்காவுக்கும் தம்பிக்கும் வந்ததால் இது குடும்ப வியாதியா என்று பிள்ளைகள் பயந்தார்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் பிறக்கும் வேறு வேறு கட்டிகள், தற்செயல்தான், மற்றவர்களுக்கு ஸ்கேன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரம்பரைக் கோளாறின் அடையாளங்கள் இருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு என்றார்.

பிறகு அவர் மதினியிடம் கேட்ட கேள்விகளை, தம்பியிடம் யாரும் கேட்டதில்லை. கர்ப்பத்தடை ஊசி போட்டதுண்டா? ரத்தப்போக்குக்கு ஹார்மோன் மாத்திரை எத்தனை வருடம்? பெரும்பாலான மெனிஞ்சியோமாக்களில் புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனை ஏற்கும் பூட்டுகள் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் சிலருக்கு இந்தக் கட்டி வேகமாக வளர்வதும் அதனால்தான் என்கிறார்கள். மதினிக்கு ஆபரேஷன் நடந்த அதே 2024 மார்ச்சில், பிரான்சில் மெனிஞ்சியோமாவுக்கு ஆபரேஷன் ஆன 18,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்டவர்களுக்கு, ஆபரேஷன் வரை போகிற ஆபத்து 5.6 மடங்கு. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'அந்தரா' என்ற பெயரில் போடுவது அந்த மருந்துதான். மதினியின் மகள் எட்டயபுரத்தில் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். பயந்துபோய் ஓடினோம். டாக்டர் சொன்னது: மெனிஞ்சியோமாவே அரிது, அரிதானது ஐந்து மடங்கானாலும் அரிதுதான். ஊசியால் வேண்டாத கர்ப்பத்தைத் தவிர்க்கும் பெண் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே மெனிஞ்சியோமா இருப்பவர்கள் அதைப் போடக் கூடாது, வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு விடாத தலைவலியோ பார்வை மாற்றமோ வந்தால் டாக்டரிடம் ஊசியைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனத்தில் அந்த ஆய்வு ஆபத்து எதையும் காணவில்லை. மகள் பேசிப் பார்த்துவிட்டுக் காப்பர்-டிக்கு மாறிக்கொண்டாள், அது அவள் முடிவு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதினிக்கு இருந்த ஒரே கவலை முடி. நாட்டமே இல்லாத மனுஷிக்கு அந்த ஒரு நாட்டம் எங்கிருந்தோ வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மொட்டை அடித்தபோது அவர் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். மதினி, இடுப்புக்குக் கீழ் விழும் கூந்தலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சர்ஜனிடம் கேட்டேன். கேட்டதால்தான் தெரிந்தது, காதிலிருந்து காது வரை இரண்டு விரல் அகலம் மழித்தால் போதும் என்று. பல இடங்களில் முழுக்க மழிப்பது வழக்கத்தால்தானாம். பெண் நோயாளி என்றால் இதைத் தயங்காமல் கேளுங்கள். அவர் கேட்க மாட்டார்.

ஏழு மணி நேரம். முழுதாக எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் முதல் கிரேடு, அதாவது வீரியம் குறைந்தது. ரேடியேஷன் இல்லை, கீமோ இல்லை. வருடத்துக்கு ஒரு ஸ்கேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் மதினி வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஓடினேன். அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "என் ராசா, உன்ன நான் தூக்கி வளத்தேனே" என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். தம்பி செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. தெருப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் மத்தியானம் வரை அழுதோம்.

வாசனை திரும்பவில்லை, அந்த இடத்துக் கட்டிக்குப் பெரும்பாலும் திரும்பாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை அடுப்படியில், தரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். பாலைக் குடித்துப் பார்த்துத்தான் கெட்டதா என்று தெரிந்துகொள்கிறார். மீந்த குழம்புக் கிண்ணத்தில் பேத்தி தேதி எழுதி ஒட்டுகிறாள். தாளிப்பதைக் கடுகு வெடிக்கும் சத்தத்தை வைத்தே செய்துவிடுகிறார். உப்பு இப்போது சரியாக இருக்கிறது. அண்ணன்தான் இன்னும் ஒவ்வொரு கவளத்துக்கும் முதலில் முகர்ந்து பார்க்கிறார், பாவி.

அடுத்த ஸ்கேன் சென்னையில். கோவில்பட்டி ஸ்டேஷன் கவுண்டருக்கு மதினியோடு போனேன். என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போன காலத்தில், மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டினால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், கூட வருகிற ஆளுக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. நிறையப் பேருக்கு இது தெரியாது, கேட்டு வாங்குங்கள். பழக்கதோஷத்தில் அந்தப் பாரத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். "அது கேன்சர்காரங்களுக்கும்மா. இவங்களுக்கு என்ன வியாதி?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

மதினி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார்.

"எனக்குக் கேன்சர் இல்ல தம்பி. முழு டிக்கெட்டே குடுங்க. கீழ் பெர்த்து இருந்தாப் பாருங்க."